இன்காக்களும் யாழ்ப்பாணத்து அரசரும்



உலக வரலாற்று நூல்களில் இன்கா மக்களின் கதை பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. 1532ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிசாரோ என்னும் ஸ்பானியத் தலைவன் 168 பேருடன் கஹமார்க்கா நகருக்கு வந்தான். பேரரசன் அத்தவால்பாவை வஞ்சகமாகச் சிறைப்பிடித்தான். ஓர் அறை நிறையப் பொன்னை மீட்புப் பொருளாகப் பெற்றுக்கொண்ட பின்னும் அவனை விடுவிக்காது, 1533இல் கழுத்தை நெரித்துக் கொல்வித்தான். பேரரசு வீழ்ந்தது. இவ்வளவையும் எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம்.

ஆனால் அன்று வீழ்ந்தவன் ஓர் அரசன், அரசு அன்று. அதன் பின்னும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இன்காக்கள் தலைவணங்காது நின்றனர். அந்த நாற்பது ஆண்டுகளின் கதையே நாம் அறிய வேண்டிய கதை என்பது என் கருத்து. ஏனெனில், அதனோடு ஒத்த கதை ஒன்று நமக்கு மிக அருகில், நமது மொழி பேசும் மக்களிடையே நிகழ்ந்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றின் இருளை மற்றொன்றின் ஒளி நீக்குகிறது.

அத்தவால்பா மாண்ட பின் ஸ்பானியர் மாங்கோ என்னும் இளவரசனை அரியணையில் அமர்த்தினர். முடி அவன் தலையில். ஆட்சி அவர்கள் கையில். பொம்மையைப் போல் இருப்பான் என்று கருதினர். பிசாரோவின் உடன்பிறந்தார் அவனைச் சங்கிலியில் பிணைத்தும் இழிவுபடுத்தியும் பொன் கேட்டனர். 1536இல் அவன் தலைநகர் குஸ்கோவைவிட்டு வெளியேறி, பெரும்படை திரட்டி, அந்நகரையே முற்றுகையிட்டான். முற்றுகை பத்துத் திங்கள் நீடித்தது. நகரத்தின் உள்ளே இருந்த ஸ்பானியர் ஏறத்தாழ 200 பேர்தாம். ஆயினும் அவர்களோடு சேர்ந்து நின்ற உள்நாட்டுப் படையினரை நாம் எண்ண மறந்துவிடுகிறோம். காஞாரி முதலிய இனத்தார், தம்மை முன்பு அடிமைப்படுத்திய இன்காக்களைப் பழிதீர்க்க, வந்தவர்களின் பக்கம் நின்றனர். இன்காவும் ஒரு பேரரசன்தான். அவன் ஆட்சியிலும் அழுதவர்கள் உண்டு. விதைப்புக் காலம் வந்தபோது மாங்கோவின் படையிலிருந்த உழவர்கள் வயலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. முற்றுகை கலைந்தது.

மாங்கோ மலைகளைக் கடந்து வில்கபம்பா என்னும் காட்டுப் பகுதிக்குச் சென்று அங்கே ஒரு சிற்றரசை நிறுவினான். தன்னிடம் அடைக்கலம் புகுந்த ஸ்பானியர் சிலர் கையாலேயே பின்னர் மாண்டான். அவனுடைய மகன் தித்து குசி 1570இல் தன் தந்தையின் வரலாற்றைத் தன் வாயால் சொல்லி எழுதுவித்து, ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்புக்குச் சேரும்படி செய்தான். 1572இல் வில்கபம்பா வீழ்ந்தது. மாங்கோவின் மற்றொரு மகனாகிய தூபாக் அமாருவைப் பிடித்து, திருமுழுக்குச் செய்வித்து, குஸ்கோவின் நடுச் சதுக்கத்தில் தலையை வெட்டினர்.

இனி நமது கடலுக்கு வருவோம்.

நான் திருமலைராயன்பட்டினத்தைச் சேர்ந்தவன். காளமேகப் புலவரின் சாபத்தால் மண்மாரி பொழிந்து மூடிய ஊர் என்று கதை சொல்வார்களே, அந்த ஊர்தான். எங்கள் கரையிலிருந்து தெற்கே சில கல் தொலைவில் நாகூர்; அதற்கப்பால் நாகப்பட்டினம். வடக்கே காரைக்கால், அதற்கப்பால் தரங்கம்பாடி. கிழக்கே நீர்ப்பரப்பு. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை ஏறக்குறைய 110 கிலோமீட்டர்தான். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் இவ்விரு துறைகளுக்கும் இடையே பயணிகள் கப்பல் விட்டபோது, அதனைப் புதுமையாகப் பலர் பேசினர். புதுமை ஒன்றுமில்லை. தஞ்சை நாட்டு நெல் அந்த வழியாகவே நெடுங்காலம் யாழ்ப்பாணம் சென்றது. படைகளும் சென்றன. அந்தப் படைகளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆரியச் சக்கரவர்த்திகள் என்னும் தமிழ் மன்னர்கள் யாழ்ப்பாண நாட்டை ஆண்டனர். யானை, சங்கு, முத்து இவை அந்நாட்டின் செல்வம். 1519இல் அங்கே முதலாம் சங்கிலி அரசனானான். அக்காலத்தில் போர்ச்சுக்கீசியர் கொழும்பிலும் முத்துக்குளித் துறைகளிலும் வேரூன்றிக்கொண்டிருந்தனர். 1544இல் மன்னார்த் தீவின் மீனவ மக்கள், சவேரியார் அனுப்பிய தூதரிடம் திருமுழுக்குப் பெற்றனர். சங்கிலி படையுடன் சென்று அவர்களில் ஏறக்குறைய 600 பேரைக் கொன்றான்.

இங்கே சற்று நிற்க வேண்டும். அந்நியரை எதிர்த்த வீரன் என்று சங்கிலியைப் போற்றுவோர் இந்நிகழ்ச்சியை விரைந்து கடந்துவிடுவர். அவனைக் கொடுங்கோலன் என்போர் இதனை மட்டுமே கூறுவர். மதம் மாறுவோர் போர்ச்சுக்கீசிய மன்னரின் குடிகளாகிவிடுகிறார்கள் என்பதைத் தென்பாண்டிக் கரையில் அவன் கண்டிருந்தான்; அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆயினும் மாண்டவர்கள் பறங்கிப் படைவீரர் அல்லர். வலை வீசிப் பிழைத்த தமிழ் ஏழைகள். அவனுடைய வாள் முதலில் தன் குடிகளின் மீது பாய்ந்தது என்பதை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது.

சவேரியார் இதற்குத் தண்டனை வேண்டினார். 1545இல் யாழ்ப்பாணத்தின்மேல் செல்ல இருந்த கப்பற்படையை எதிர்நோக்கி நாகப்பட்டினத்தில் வந்து தங்கினார். படை புறப்படவில்லை. காரணம் வேடிக்கையானது. பெகு நாட்டிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டிவிட்டது. அதன் சரக்குகள் அரசன் கையில் சிக்கின. போர் தொடுத்தால் சரக்குத் திரும்ப வராதே! வாணிகர் கணக்கு வென்றது, படையெடுப்பு நின்றது. சவேரியார் மயிலாப்பூருக்குச் சென்றுவிட்டார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1560இல், கோவாவின் அரசப் பிரதிநிதி கான்ஸ்டண்டீனோ தெ பிரகான்சா பெருங்கப்பற்படையுடன் தானே வந்தான். நல்லூர் விழுந்தது. சங்கிலி வன்னிக் காட்டை நோக்கிப் பின்வாங்கினான். மாங்கோ மலைக்காட்டுக்குள் சென்றது போன்றதே இதுவும். அங்கே மலை, இங்கே பாலையும் வீரையும் அடர்ந்த காடு. உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. இளவரசன் பணயமாகக் கொடுக்கப்பட்டான். வென்றவர்கள் புதையல் தேடத் தொடங்கினர். அவ்வேளையில் நாடு முழுவதும் மக்கள் திடீரென எழுந்தனர். ஆங்காங்கே சிதறியிருந்த போர்ச்சுக்கீசியர் தாக்கப்பட்டனர். வந்த பெரும்படை உயிர் தப்பினால் போதுமென்று கப்பலேறி மன்னாருக்குச் சென்று, அங்கே கோட்டை கட்டிக்கொண்டது.

அந்தப் படையெடுப்பில் அவர்களுக்குக் கிடைத்த பொருள்களுள் ஒரு பல்லும் இருந்தது. புத்தர் பெருமானின் பல் அது என்று நம்பப்பட்டது. பெகு மன்னன் அதற்கு மிகுந்த பொருள் தர முன்வந்தும், கோவாவில் அதனை இடித்து எரித்துச் சாம்பலாக்கினர். தம்மிடம் இருப்பதே மெய்யான தந்தம் என்று பின்னர்க் கண்டியில் கொண்டாடியதையும் நீங்கள் அறிவீர்கள்.

சங்கிலிக்குப் பின் வந்த முப்பது ஆண்டுகள் குழப்பமானவை. பெயர்களை அடுக்கி உங்கள் நினைவாற்றலைச் சோதிக்க நான் விரும்பவில்லை. இதற்கிடையில் ஐரோப்பாவில் ஒரு மாறுதல் நேர்ந்தது. 1580இல் போர்ச்சுகல் நாட்டு அரியணை வாரிசின்றிப் போக, ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பு அதனையும் கைக்கொண்டார். 1640 வரை இரு நாடுகளுக்கும் ஒருவரே மன்னர். ஆட்சிமுறைகள் தனித்தனியே இருந்தன, முடி ஒன்றே. தூபாக் அமாருவின் தலை எந்த மன்னரின் பெயரால் வெட்டப்பட்டதோ, அதே மன்னரின் பெயரால் 1591இல் அந்திரே புர்த்தாதோ என்னும் தளபதி யாழ்ப்பாணத்தில் இறங்கினான். அரசன் புவிராச பண்டாரம் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கன் என்னும் இளவரசனை அரியணையில் அமர்த்தினர். திறை செலுத்த வேண்டும். சமயக் குரவருக்குத் தடை கூடாது. போர்ச்சுக்கீசிய மன்னரின் பாதுகாப்பில் ஆள வேண்டும். குஸ்கோவில் மாங்கோவுக்கு நேர்ந்தது நல்லூரில் எதிர்மன்னசிங்கனுக்கு நேர்ந்தது.

ஆனால் இருவரின் வழிகளும் வேறு. மாங்கோ வெளிப்படையாக வாளெடுத்தான். எதிர்மன்னசிங்கனோ இருபத்தாறு ஆண்டுகள் வணங்கிக்கொண்டே வாழ்ந்தான். வணங்கிய தலை நிமிராமலே கை மட்டும் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது. கண்டி மன்னர் போர்ச்சுக்கீசியரோடு போரிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழகத்திலிருந்து சென்ற ஆட்களும் பொருளும் யாழ்ப்பாண நாட்டின் வழியாகவே சென்றன. கேட்டால் அரசன் ஒன்றும் அறியாதவன் போல் இருப்பான். போர்ச்சுக்கீசியர் ஐயுற்றனர், குற்றம் சாட்டினர், ஆனால் நீக்கவில்லை. எதிர்ப்பு என்றால் போர்க்களம் ஒன்றையே நினைப்பவர்களுக்கு இவன் வீரனாகத் தோன்றமாட்டான். எனக்கோ, இந்தக் கதையில் மிகவும் வியப்புக்குரியவன் இவனே.

1617இல் அவன் இறந்தான். மகன் குழந்தை. அரசகாரியம் பார்த்த அரசகேசரியைக் கொன்றுவிட்டு இரண்டாம் சங்கிலி ஆட்சியைக் கைப்பற்றினான். குழந்தைக்குக் காவலனாக இருக்கும்படி போர்ச்சுக்கீசியர் அவனை ஏற்றுக்கொண்டனர். வேறு வழி அவர்களுக்கு அப்போது இல்லை. அடுத்த ஆண்டு அவனுக்கு எதிராக நாட்டில் கலகம் மூண்டது. கலகத்தை அடக்க அவன் தஞ்சையை நோக்கினான். அங்கே இரகுநாத நாயக்கர் ஆட்சி. அவர் அனுப்பிய படை வருணகுலத்தான் என்னும் தலைவனின் கீழ்க் கடல் கடந்து சென்று சங்கிலியை மீண்டும் நிலைநிறுத்தியது.

தஞ்சை அவைக்களப் புலவர்கள் இதனை எவ்வாறு பாடினர் தெரியுமா? யக்ஞநாராயண தீட்சிதரின் சாகித்ய ரத்னாகரம், இராமபத்ராம்பாவின் இரகுநாதாப்யுதயம் ஆகிய வடமொழிக் காவியங்களில், இரகுநாதர் தாமே கடற்கரைக்கு எழுந்தருளிப் பாரசீகரை முறியடித்துத் தீவின் மன்னனுக்கு முடி மீட்டுத் தந்ததாக வருகிறது. பாரசீகர் என்று அவர்கள் குறித்தது போர்ச்சுக்கீசியரையே. மறுபுறம், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோவாவில் எழுதிய கெய்ரோஸ் பாதிரியாரின் நூலைப் படித்தால், வெற்றி முழுவதும் போர்ச்சுக்கீசியருக்கே. புலவர் மன்னரின் உணவை உண்டவர். பாதிரியார் தம் சபையின் பெருமையை எழுத வந்தவர். யாழ்ப்பாண வைபவமாலை பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் காலத்தில் எழுந்தது. அதுவோ இரண்டு சங்கிலிகளையும் ஒருவராக்கி, மன்னார்க் கொலையையும் இறுதித் தோல்வியையும் ஒருவன் தலையிலேயே ஏற்றிவிடுகிறது. இம்மூன்றையும் ஒன்றோடொன்று உரைத்துப் பார்த்தே உண்மையைக் காண வேண்டியுள்ளது. மாணவர்களே, ஒரே நூலைக் கொண்டு வரலாறு எழுதத் துணியாதீர்கள். அந்த நூல் நமக்கு இனிப்பானதாக இருந்தால் இன்னும் விழிப்பாயிருங்கள்.

1619இல் பிலிப் தெ ஒலிவேரா நிலவழியாகப் படை நடத்தி வந்தான். அவனுடைய படையிலும், குஸ்கோவில் போலவே, இந்நாட்டவர் மிகுந்திருந்தனர். லஸ்கரின் என்று பெயர் பெற்ற சிங்களப் படைவீரர்கள் அவனுக்காகப் போரிட்டனர். சங்கிலி தோற்றான். குடும்பத்தோடும் பொருளோடும் படகேறி நமது சோழ மண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்டான். அது ஆனி மாதத்தை ஒட்டிய காலம். ஆனி, ஆடியில் எங்கள் கரையிலிருந்து கிழக்கே செல்வது எளிது. அங்கிருந்து இங்கே பாய் விரித்து வருவது மிகக் கடினம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் குணம் அது. எதிர்க்காற்றில் சிக்கிய படகு பருத்தித்துறைப் பக்கத்தில் பிடிபட்டது. சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுசென்று, விசாரணை நடத்தி, திருமுழுக்குச் செய்வித்து, தலையை வெட்டினர். தூபாக் அமாருவுக்குச் செய்தது போலவே, முதலில் ஆன்மாவுக்கு வழி காட்டினார்கள். பிறகு வாளை உயர்த்தினார்கள்.

சங்கிலியோடும் போர் முடியவில்லை. 1620இலும் 1621இலும் யாழ்ப்பாணத்தில் கிளர்ச்சிகள் எழுந்தன. மிகபுல்லே ஆராச்சி என்பவன் அவற்றுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவன், அவன் கிறித்தவன். தஞ்சையிலிருந்து மீண்டும் மீண்டும் படைகள் கடல் கடந்தன. மீண்டும் மீண்டும் தோற்றன. 1621இல் ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கி, ஆட்சித் தலைமையை யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றினான். இப்போது நல்லூரில் நாம் வணங்கும் கோயில் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்தது.

தஞ்சை நாயக்கரை முழு வீரராகக் காட்டிவிடவும் எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்தில் போர்ச்சுக்கீசியரோடு போரிட்ட அதே நாள்களில் தமது நாகப்பட்டினத்தில் அவர்கள் குடியிருந்து வாணிகம் செய்ய அவர் இடந்தந்திருந்தார். சுங்க வருவாய் வேண்டியிருந்தது. வேறொரு பறங்கியரைக் கொணர்ந்து இவர்களைச் சமன்செய்யலாம் என்றும் கருதினார் போலும். டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் கடலில் போர்ச்சுக்கீசியர் தாக்கி அழித்தனர். மாலுமிகள் இருவரின் தலைகளை எச்சரிக்கையாகக் கரையில் நட்டுவைத்தனர் என்பர். தப்பிக் கரையேறிய தலைவன் குராப்பேயும் பதின்மூவரும் நாயக்கரிடம் கொண்டுசெல்லப்பட்டனர். அவர் அவர்களைத் தண்டிக்கவில்லை, வாணிகம் பேசினார். 1620 நவம்பரில் உடன்படிக்கை எழுதப்பட்டுத் தரங்கம்பாடி டேனியருக்குக் கிடைத்தது. ஒரு முள்ளை எடுக்க மற்றொரு முள். அந்த முள் 1845 வரை நமது காலில் தங்கிவிட்டது.

படை தோற்ற பின் மக்கள் என்ன செய்தனர்? இன்காக்கள் தம் முன்னோர் மன்னரின் உலர்ந்த உடல்களைக் கண்ணாகக் காத்து ஒளித்துவைத்தனர். ஸ்பானியர் 1559இல் தேடிப் பிடித்துக் கைப்பற்றினர். கதிரவன் உருவான பொற்படிமத்தை வில்கபம்பாக் காட்டுக்குள் கொண்டுசென்று வழிபட்டனர். யாழ்ப்பாணத்தில், கோயில் திருவுருவங்களைக் கிணற்றிலும் குளத்திலும் ஒளித்ததாக ஊர்தோறும் வழக்குக் கூறுவர். வாழையிலையில் சோறுண்டு, உண்ட இலையைக் கூரையில் செருகி மறைத்தனர் என்ற வழக்கும் உண்டு. சைவ நோன்பு நோற்றது பிறர் கண்ணில் படக்கூடாதென்று.

திருநெல்வேலி என்று யாழ்ப்பாணத்திலும் ஓர் ஊர் உண்டு. அவ்வூர் ஞானப்பிரகாசரின் கதை அனைவரும் அறிய வேண்டியது. போர்ச்சுக்கீசிய அதிகாரியின் உணவுக்காக முறைவைத்து வீட்டுக்கு ஒரு பசு கொடுக்க வேண்டும் என்று ஆணை இருந்ததாம். மறுநாள் தம் முறை என்றறிந்த ஞானப்பிரகாசர் அன்றிரவே கடல் கடந்து இந்தியாவுக்கு வந்துவிட்டார். வாளில்லை, படையில்லை, மறுத்துப் பேசவும் இல்லை. ஆயினும் பசுவைக் கொடுக்கவில்லை. வங்க நாடு சென்று வடமொழி கற்று, துறவு பூண்டு, சைவ சித்தாந்த நூல்களுக்கு உரை எழுதிய பேரறிஞரானார். சிதம்பரத்தில் ஞானப்பிரகாசர் குளம் அவர் பெயரால் நிற்கிறது. சங்கிலியின் படகு எதிர்க்காற்றில் திரும்பியது. இவருடைய படகு கரை சேர்ந்தது.

போர்ச்சுக்கீசியரின் ஆட்சி யாழ்ப்பாணத்தில் நாற்பது ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அதே ஆண்டில் நாகப்பட்டினமும் அவர்கள் வசமாயிற்று. ஆண்டானை மாற்றினார்களேயன்றி அடிமைத்தனம் மாறவில்லை. பெருவிலோ ஸ்பானிய ஆட்சி மூன்று நூற்றாண்டுகள் நீடித்தது. 1780இல் ஒருவர் மாண்ட இன்காவின் பெயரையே சூடி, இரண்டாம் தூபாக் அமாரு என்று அறிவித்துக்கொண்டு பெருங்கிளர்ச்சியைத் தொடங்கினார். 1781இல் அதே குஸ்கோச் சதுக்கத்தில் கொல்லப்பட்டார்.

இறுதியாக இரண்டு ஏடுகளைப் பற்றிச் சொல்கிறேன். குவாமன் போமா என்னும் பெருவியப் பழங்குடியினர் ஒருவர், தம் மக்கள் பட்ட துன்பத்தையெல்லாம் மன்னர் அறிய வேண்டுமென்று, ஏறத்தாழ 1,200 பக்கங்களும் ஏறத்தாழ 400 சித்திரங்களும் கொண்ட ஒரு மடலைத் தம் கையாலேயே எழுதி 1615இல் முடித்தார். எழுதியது மூன்றாம் பிலிப்பு மன்னருக்கு. நான்கு ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணம் வீழ்ந்தபோது போர்ச்சுகல்லின் முடியும் அவர் தலையில்தான் இருந்தது. அந்த ஏடு 1908இல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில், அரச நூலகத்தில் ஒருவர் கண்ணில் பட்டது. அதே நகரின் ஆவணக் களரியில் மற்றொரு மடலும் இருக்கிறது. அது பனையோலை வடிவில் தட்டிய பொன்னேட்டில் எழுதியது. தரங்கம்பாடி உடன்படிக்கையை ஒட்டி, தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனிய மன்னருக்கு அனுப்பியது.